எந்த மாதம் வந்தால் நல்லது?

இன்று ஐயம்பேட்டை பஸ்ஸில் எனக்குத் துபாஷி உத்தியோகம் கிடைத்தது.

பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அடுத்த முறை கணவனோடு வர வேண்டுமாம். வடக்கே பனி, தெற்கே மழை என்று புத்தகத்தில் படித்துக் குழம்பிப்போய், இந்தியாவுக்கு எந்த மாதம் வந்தால் சுகம் என்று என்னிடம் கேட்டாள்.

நான் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஐப்பசி வேணாம்பா. மழையில தறிக்குழியெல்லாம் தண்ணி நிக்கும். தறியே ஓடாது, இன்னாத்த பாப்பாங்க?" என்றார் பட்டுநூல் மூட்டையோடு இருந்த நெசவாளர்.

"ஆடியும் வேணாம். ஒரு கல்யாணம் பாக்க முடியாது" என்றாள் பூக்காரம்மா.

கண்டக்டர் விசிலை மறந்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "வைகாசின்னு சொல்லுபா. கருட சேவைக்கு ஊரே ரோட்ல நிக்கும். அத்த பாக்காம இன்னா இந்தியா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கருட சேவை என்றால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். மே கடைசியில் வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று அடித்துச் சொன்னேன்.

இறங்கும்போது அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போது இந்த வெயில் தணிந்திருக்கும், இல்லையா?"

இது தை மாதம். நான் காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு கிளம்பியவன்.

சிரித்துவைத்தேன்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு டேபிள் ஃபேன். வைகாசிக்கு இன்னொன்று இரவல் தரக்கூடியவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.