பேய் பங்களாவில் விழுந்த மீசைக்காரன்

சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை. என் கணவர் கப்பலில் மூட்டை இறக்கினார். நான் ஆஸ்பத்திரியில் தரை கழுவினேன். வீடு திரும்பினால் இருவருக்கும் வாயைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த வருடம் அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் கப்பலின் அடிக்கிடங்கில் விழுந்து செத்துப்போனார். அதோடு இவர் பேச்சையே விட்டுவிட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், சங்கு ஊதினால் கிளம்புவார்.

பக்கத்து அறை அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கிளப்பிவிட்டார். "எத்தனை நாளைக்குச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு? படத்துக்குக் கூட்டிட்டுப் போ லா!"

தமிழ்ப் படம் ஓடும் கொட்டகை தேக்காவில் இருந்தது; அதுவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கொட்டகையில் உட்கார இடம் கிடைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தமிழ்ப் படத்துக்கு முன்னால் வெள்ளைக்காரச் சிரிப்புப் படம் ஒன்று போட்டார்கள். சின்னப் படம், பேச்சே கிடையாது. சிரிப்புச் சத்தத்தில் கண் திறந்தேன். ஒரு மீசைக்காரனும் ஒரு குள்ளனும் பாழடைந்த பங்களாவுக்குள் அலமாரியைத் தூக்கி வந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் மாட்டிக்கொண்ட பூனையைப் பேய் என்று நினைத்து மீசைக்காரன் பின்வாங்க, பலகை உடைந்து நேராகக் கீழ்க்கிடங்கில் போய் விழுந்தான். கொட்டகையே அதிர்ந்தது.

என் கணவர் சட்டென்று எழுந்தார். "வா, போவோம்."

"உக்காருங்கண்ணே, மறைக்குது!" என்று பின்னால் கத்தினார்கள். அது அவர் காதில் ஏறவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிடங்கிலிருந்த மாவு உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு மீசைக்காரன் மேலே ஏறி வந்தான். அவனையும் பேய் என்று நினைத்துக் குள்ளன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான்.

"ஏறி வந்துட்டான்" என்றார் என் கணவர். அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தமிழ்ப் படம் பார்க்காமலே வெளியே வந்து ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்தோம். "மேலேருந்து கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பதிலே இல்ல" என்றார். பிறகு நிறுத்தாமல் பேசினார். கடைசியில், "கப்பலுக்குள்ள குனிஞ்சு பாக்க முடியல என்னால" என்றார்.

"அப்ப விட்டுடுங்க. வேற வேல பாப்போம்" என்றேன்.

அவருக்குக் கரையில் சரக்குக் கொட்டகையைக் கூட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அதனால் நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மாலையில் அவர் எலி கடித்த மூட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பாதிக் கதையிலேயே தூங்கிப்போவேன்.