கதிரையில் இருத்துகிறவர்

பதினொரு சின்னச் சிவப்புக் கதிரைகளையும் ஜோன்சன் துடைத்து முடிக்கும்போது காலை ஏழேகால். ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. பிறகு ஒரு கதிரைக்கும் அடுத்த கதிரைக்கும் நடுவில் தன் பாதத்தை வைத்து அளக்கிறார். இரண்டு பாத இடைவெளி இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் விலகி நின்றாலும் குனிந்து நகர்த்துகிறார். ஒரு பிள்ளையும் இன்னும் வந்திருக்காது. அந்த வெறும் கதிரைகளைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற திருப்தியை, பிள்ளைகள் வந்து அமர்ந்த பிறகு நான் கண்டதில்லை.

அவருடைய நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். தபாற்கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திவிட்டு ஓய்ந்தவன் நான். காலையில் மதிலோரம் பேப்பர் படிப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. ஆகவே மன்னார் பட்டினத்தில் ஜோன்சனின் குரலை என்னளவுக்குக் கேட்டவர் எவருமில்லை. “கை கட்டு. வாய் மூடு. என்னைப் பார்.” அவருடைய சாத்திரம் முழுவதும் இந்த மூன்றுதான். ‘ஓட்டிசப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு நிலையம்’ என்று வாசலில் பலகை தொங்குகிறது. பலகையைக் கழுதைகள் உரசிச் சாய்த்துவிட்டுப் போகும். அவர் ஓடிவந்து நிமிர்த்துவார். அவர் சொல் கேட்டு அடங்காத சீவன் இந்தத் தெருவில் கழுதை ஒன்றுதான்.

வயது நாற்பத்தெட்டு. முன்பு வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள அலுவலராக இருந்தார். திட்டம் முடிந்து நிறுவனம் போய்விட்டது. அது விட்டுப்போன இந்தக் கதிரைகள் நின்றுவிட்டன, ஜோன்சனும் நின்றுவிட்டார். கொழும்பில் ஆறு நாள் பயிற்சி என்று யாரோ சொல்ல, போய் வந்தார். முதல் நாள் அறிமுகம், கடைசி நாள் சான்றிதழ். நடுவில் நாலு நாள் சிங்களத்தில் நடந்ததை, தேநீர் இடைவேளையில் ஒரு வவுனியாக்காரர் அவருக்குத் தமிழில் சொன்னாராம். அந்தத் தேநீர் இடைவேளைகளைத்தான் அவர் இன்றுவரை நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில் நடத்திக்கொண்டிருக்கிறார். சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், மாதாவைவிட இரண்டு விரற்கடை உயரத்தில்.

“ஐஞ்சில வளையாதது ஐம்பதில வளையுமே, அண்ணை?” என்று மதிலுக்கு மேலால் கேட்பார். பழமொழியில் பிழையில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று படித்தவர்கள் எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஆனால் வளைப்பதுதான் முழு வேலையும் என்று எடுத்துக்கொண்டவர் இவர்.

அவர் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வைக்கிற விதம் ஒரு தனிக் காட்சி. கிறீம் பிஸ்கட்டை நாலாக உடைத்து, ஒரு துண்டைத் தன் வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். பிள்ளை பிஸ்கட்டைப் பார்க்கும். ஜோன்சன் துண்டைக் கொடுத்துவிட்டு, கொப்பியை எடுத்து, ‘கண் தொடர்பு, மூன்று செக்கன்’ என்று எழுதுவார். ஒரு வருடக் கொப்பியைப் புரட்டினால் மன்னாரில் அத்தனை பிள்ளைகளும் அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். நான் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன், அவை பார்ப்பது பிஸ்கட்டை என்று. “முதல் பிஸ்கட்டைப் பாக்கும், பிறகு எங்களைப் பாக்கும். அதுதான் அண்ணை முறை,” என்றார். பிறகு எப்போது என்று கேட்டேன். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

கள்ளன் என்றால் எனக்கு எழுதச் சுலபமாக இருக்கும். ஜோன்சன் கள்ளன் இல்லை. ஒரு பிள்ளைக்கும் அடித்ததில்லை. காய்ச்சல் என்றால் இளநீரோடு வீடு தேடிப் போவார். ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு நடந்து போகும்போது எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கடதாசியில் எழுதிக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைப்பார். தான் செய்வது புண்ணியம் என்பதில் அவருக்கு மயிரளவும் சந்தேகமில்லை. கள்ளனுக்காவது சில நேரம் சந்தேகம் வரும்.

அவருடைய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: பூசைச் சோதனை. ஒரு பிள்ளை தேறிவிட்டதா இல்லையா என்பதைக் கோயிலின் முதல் வாங்கில் இருத்தித்தான் அவர் தீர்மானிப்பார். பூசை முடியும்வரை அசையாமல் இருந்தால் தேர்ச்சி. இதை அவராகக் கண்டுபிடித்தார் என்று சொல்வதும் முழு நியாயமில்லை. ஊர் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். இப்படியான பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாயைக் கேட்டாலும், தன்னை அழ வைத்த இடம் கோயில் என்பாள். பிள்ளை ஓடும், பீடத்தில் ஏறும், வாசகத்தின் நடுவில் கத்தும். சனம் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்கு மருந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய்தான் போகமாட்டாள்? முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தொழுகை வரிசை, சைவப் பிள்ளைகளுக்குப் பூசை மண்டபம் என்று அவரே மாற்றி வைத்திருக்கிறார். அடக்கி வைப்பதில் அவர் மதபேதம் பார்ப்பதில்லை.

ஜூலியட் தன் மகள் ஜெனிஸ்ராவை இங்கே கொண்டுவந்தது தை மாதம். வெள்ளாங்குளத்திலிருந்து கிழமைக்கு மூன்று நாள், விடிகாலை பஸ்ஸில். ஜூலியட் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். திரும்பி வந்து ஆறு வருடம். ஜெனிஸ்ராவுக்கு நாலு வயது, பேச்சில்லை. தாய் இந்தியத் தமிழும் தகப்பன் ஊர்த் தமிழும் கதைப்பதால் பிள்ளை குழம்பிப் போயிற்று என்று அயலெல்லாம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஜோன்சனும் முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, ‘தண்ணி வேணுமா’ எண்டு கேளாதேங்கோ. ‘தண்ணி வேணுமோ’ எண்டு கேளுங்கோ. பிள்ளைக்கு ஒரே தமிழா இருக்கோணும்.”

“சரிங்க சார்,” என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஓம் சேர்,” என்றாள்.

தாகம் எந்த நாட்டுத் தமிழிலும் தாகம்தான். அதைக் கேட்க ஜெனிஸ்ராவிடம் ஒரு வழியும் இருந்தது. தாகம் எடுத்தால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைத் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் வைப்பாள். பசித்தால் பானையில். கதவு திறக்க வேண்டுமானால் கதவில். விரலைப் பிடிக்கமாட்டாள், எப்போதும் மணிக்கட்டுத்தான். வந்த முதல் நாள் என் கண்முன்னால் அதைச் செய்தாள். ஜோன்சன் பார்த்தார். “இதுதான் முதல்ல நிப்பாட்ட வேண்டிய பழக்கம்,” என்றார். “கையை இழுத்தாள் எண்டால் ஒண்டும் குடுக்காதேங்கோ. வாய் திறந்து கேக்கட்டும். கேட்டால் குடுங்கோ.”

மூன்று கிழமை அந்தப் பிள்ளை கத்தியது. நிலையத்தில் கத்தியதை நான் கேட்டேன். வீட்டில் கத்தியதை ஜூலியட் கேட்டாள். நான் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான் என் வீரம். நாலாம் கிழமை சத்தம் நின்றது. ஜோன்சன் மதிலில் தொங்காத குறையாக என்னைக் கூப்பிட்டார். “பாத்தீங்களே அண்ணை! அழுகையும் இல்லை, இழுவையும் இல்லை.”

குருத்தோலை ஞாயிறு அன்று பூசைச் சோதனை. வருடத்தில் மிக நீளமான பூசைகளில் ஒன்று. பெரியவர்களே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். ஜெனிஸ்ரா வெள்ளைச் சட்டையும் கட்டிய கையுமாக முதல் வாங்கில் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தாள். முடிவில் பாதர் அவள் பெயரைச் சொல்ல, சனம் கைதட்டியது. ஜோன்சன் எழுந்து நின்று தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டார். தட்டியவர்களில் நானும் ஒருவன். அதை எழுதாமல் விட்டால் அவரை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்பமரத்தடியில் ஜூலியட் பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்து, இடையில் மூச்சு விடாமல், அடிவரை குடித்தது. நான் சிரித்துக்கொண்டு, “நல்ல தாகம்,” என்றேன்.

ஜூலியட் சிரிக்கவில்லை. “வீட்டிலயும் இப்பிடித்தான் ஐயா. நானாக் குடுத்தால் குடிக்கிறாள். வேலையில மறந்தன் எண்டால் அப்பிடியே இருக்கிறாள். முந்தி வந்து கையைப் பிடிப்பாள். இப்ப எங்கிட்ட வர்றதே இல்லை.”

உள்ளே கைதட்டிய கை எனக்கு அப்போதுதான் சுட்டது.

இரண்டு கிழமையில் பிள்ளைக்குக் காய்ச்சல், சிறுநீரில் கிருமி. ஆஸ்பத்திரி டொக்டர் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை தண்ணி குடிக்கிறதில்லையோ?” ஜூலியட் அழுதாள். அவர் கடிதம் எழுதி, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அஸ்னாவிடம் அனுப்பினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, நானும் துணைக்குப் போனேன். அஸ்னா இருபத்தேழு வயதுப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு ஜூலியட்டின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்தக் கையிழுவைதான் இவட கதை, இவட பேச்சு,” என்றாள். “அதை நிப்பாட்டியாச்சு. அதுக்குப் பதிலா ஒண்டும் குடுக்கேல்லையே. முதல்ல ஒண்டைக் குடுத்திட்டெல்லோ மற்றதை எடுக்கோணும்.”

அஸ்னா செய்வதும் அதே நடத்தைப் பயிற்சிதான். அவளும் திரும்பத் திரும்பச் செய்விக்கிறாள், செய்தால் பிடித்ததைக் கொடுக்கிறாள், கொப்பியில் எழுதுகிறாள். பிள்ளை என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்கிறாள், அதுதான் வித்தியாசம். ஜெனிஸ்ராவின் சொந்தப் போத்தலைப் படம் பிடித்து ஒரு அட்டை செய்தாள். விரித்த உள்ளங்கை வரைந்து, கீழே ‘போதும்’ என்று எழுதி இன்னொரு மஞ்சள் அட்டை. இரண்டையும் கழற்றி எடுக்கக்கூடிய மாதிரி இடுப்புப் பட்டியில் ஒட்டிவிட்டாள். போத்தல் அட்டையைக் கொடுக்கப் பழகப் பிள்ளைக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. மஞ்சள் அட்டையைத் தாய் எத்தனை தரம் காட்டியும் அது தொடவே இல்லை. “அதுக்குக் காலம் எடுக்கும். ஒருக்கா குடுத்தாளெண்டால் உடன நிப்பாட்டிப் போடுங்கோ. அப்பதான் அது வேலை செய்யுது எண்டு நம்புவாள்,” என்றாள் அஸ்னா.

ஆஸ்பத்திரியில் அஸ்னாவிடம் மாதம் இரண்டு நாள்தான் கிடைத்தது. மற்ற நாளுக்கு ஜோன்சனை விட்டால் ஆளில்லை. ஜூலியட் அஸ்னாவின் கடிதத்தோடு மறுபடி நிலையத்துக்கு வந்தாள். அதை ஜோன்சன் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். “பாவம், இப்பதான் படிச்சு வந்த பிள்ளை. இந்த அட்டை, காட் எல்லாம் குடுத்தால் வாய் சோம்பேறியாப் போயிடும், தங்கச்சி. சரி, இடுப்பில கிடந்திட்டுப் போகட்டும்.” இருபது வருட அனுபவசாலி மாதிரிச் சொன்னார். ஆறு நாள்.

போன வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார். காய்ச்சலோடு இருக்கிற பழக்கம் விட்டுப்போயிற்றாம், முதலிலிருந்து பழக்கி, ஜெனிஸ்ரா இன்றைக்குப் பதினைந்து நிமிடம் இருக்கப் போகிறாளாம். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். சுவரோர வாங்கில் ஜூலியட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். அறை வெந்தது, மின்விசிறி கவனத்தைக் கலைக்கும் என்று நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளை நடுக் கதிரையில், கட்டிய கையோடு. முன்னால் ஜோன்சன், மடியில் மணிக்கூடு. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். பிள்ளையின் கழுத்தில் வேர்வை வழிந்தது. பத்தாவது நிமிடத்தில் கை கட்டு அவிழ்ந்தது.

“ஆ, ஆ, கை,” என்றார் ஜோன்சன்.

கை இடுப்புக்குப் போயிற்று. நிதானமாக, நகத்தால் ஓரம் கிள்ளி, மஞ்சள் அட்டையைக் கழற்றியது. ஜெனிஸ்ரா கதிரையை விட்டு எழும்பவில்லை, கத்தவில்லை. கையை நீட்டி அட்டையை ஜோன்சனின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தைத்தான், அங்கே பிஸ்கட் இருக்கவில்லை.

ஜூலியட் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். “சார்,” என்றாள், ஊர்த் தமிழெல்லாம் மறந்து. “சார், கேட்டுட்டா சார். போதும்னு கேட்டுட்டா.” நானும் எழுந்து நின்றேன். “ஜோன்சன், நிப்பாட்டும்,” என்றேன்.

ஜோன்சன் அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. குழந்தையிடம் குனிந்து, உண்மையான அன்போடு, “இன்னும் அஞ்சு நிமிசந்தான் குஞ்சு,” என்றார். பிறகு சேர்ட்டுப் பையைத் திறந்து, அட்டையை மடங்காமல் உள்ளே வைத்து, பொத்தானைப் பூட்டினார்.