புல்லும் இருநூற்று நாற்பது பேரும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைம்டேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், எந்த டிரைவருக்கு என்றைக்கு ஓய்வு என்று எழுதிக்கொண்டிருந்தவள். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் போய் உட்கார்ந்தாள். ஐம்பது வயதில் வீடியோ கேமா என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, நாளையிலிருந்து காலைச் சமையல் உங்களுடையது என்றாள் அக்கா.

அவளிடம் ஒப்படைத்தது ஓர் ஊர். விளையாடுபவர் குதிரை ஏறி எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம், யாரோடு வேண்டுமானாலும் சேரலாம், சண்டை போடலாம் என்கிற பெரிய கேம் அது. அந்த ஊரில் இருநூற்று நாற்பது பேர். கொல்லர் எத்தனை மணிக்கு உலையை மூட்டுகிறார் என்பதிலிருந்து, பூட்டுக்காரரின் மாமியார் எந்தக் கிழமை வந்து அவர் நிம்மதியைக் கெடுக்கிறாள் என்பதுவரை எல்லாம் அக்காவின் கைவண்ணம். ரொட்டிக்கடையில் நீங்கள் திருடினால், மறுநாள் உங்கள் தலையைக் கண்டதுமே ரொட்டிக்காரி கதவைச் சாத்திவிடுவாள்.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் ஊரில் ஒருவர்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. விளையாடுபவர் எங்கோ காட்டுக்குள் கிடந்தாலும், யாருமே பார்க்காத தெருக்களில் இருநூற்று நாற்பது பேரும் நிஜமாகவே நடந்துகொண்டிருக்க வேண்டும். கண்ணில் படாதவர்களை நிறுத்திவைக்கலாமே என்று புரோகிராம் எழுதும் பெண் இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்து, நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு போனாள்.

எதிர் வரிசையில் தோட்டக்காரர். கிராபிக்ஸ் பிரிவின் தலைவருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர் அது. உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அவர் போட்ட புல்வெளியைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தோன்றும். காற்றடித்தால் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வளையும். அவருக்கும் அக்காவுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கேமை ஓட்டும் இயந்திரம் ஒன்றுதான். நொடிக்கு முப்பது படம் வரைந்து தள்ள வேண்டிய அந்த இயந்திரம், அதற்குள்ளேயே புல்லையும் அசைக்க வேண்டும், மனிதர்களையும் நடத்த வேண்டும். இரண்டு பாரத்தையும் சுமக்க முடியாமல், சந்தைக்குள் நுழைந்தாலே படம் திக்கித் திணறி நின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வெளியாட்கள் ஆறு பேர் வந்து விளையாடிப் பார்க்கப் போகிறார்கள், அன்றைக்கே முடிவு என்றார். அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. இருநூறு பேரைக் கடைக்கு முன்னால் கம்பம் மாதிரி நிற்க வைத்துவிட்டு, நாற்பது பேரை மட்டும் நடக்க விடலாம். இரண்டு நிமிட விளம்பரப் படத்தில் புல் தெரியும், மாமியார் என்றைக்கு வருகிறாள் என்பது தெரியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோதும் அதே நினைப்புதான். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி பஸ் எப்போது வரும் என்று கேட்டாள். இப்போது ஆஸ்பத்திரி முனையில் திரும்பியிருக்கும், இன்னும் நாலு நிமிஷம் என்று அக்கா தன் பாட்டுக்குச் சொன்னாள். நாலு நிமிடத்தில் பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. அந்த பஸ்ஸை அவள் பார்க்காமலேதானே சொன்னாள்! இருபத்திரண்டு வருடம் ஒரு பஸ்ஸையும் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி, எல்லா பஸ்ஸும் எங்கே என்று அறிந்திருந்தவள், பொம்மை ஊரில் மட்டும் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தாளாம். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

மறுநாள் காலை நேரே புரோகிராம் பெண்ணின் மேசைக்குப் போனாள்.

"கண்ணுக்குத் தெரியாதவங்க யாரும் நடக்க வேணாம். இந்நேரம் எங்க இருப்பாங்கன்னு டைம்டேபிள் சொல்லும். விளையாடுறவர் தெருவுக்குள்ள வரும்போது ஊர்க்காரங்களை அங்க கொண்டுபோய் நிறுத்தி நடக்க விடு. கால் உடைஞ்சது, களவு போனது, கோவிச்சுக்கிட்டது, அதை மட்டும் தனியா குறிச்சு வச்சுக்க."

"அதைத்தான் அக்கா நான் அப்பவே..."

"சொன்னே. நான்தான் காதுல வாங்கல."

இதற்கும் ஒரு விலை இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் இருவர் தற்செயலாகச் சந்திப்பது இனி நடக்காது. பேச்சு முறிந்த இரண்டு சம்பந்திகள் மாதத்தில் ஏதோ ஒரு நாள் பாலத்தில் எதிரெதிரே வந்து மாட்டிக்கொள்வார்கள். அதைத் திரையில் பார்த்து அக்கா தனியாகச் சிரித்திருக்கிறாள். அந்தச் சந்திப்பைத் தன் கையாலேயே அழித்தாள். மனம் வலிக்கத்தான் செய்தது.

சந்தை சரளமாக ஓடியது. ஆற்றங்கரையில் மட்டும், புல்வெளியும் ஊரும் ஒன்றாகத் தெரியும் இடத்தில், இன்னும் திக்கியது. இனி நூறு பேர் நடக்காமல் கம்பமாக நின்றாக வேண்டும், இல்லை தூரத்துப் புல்லைக் குறைத்தாக வேண்டும். தூரத்துப் புல் போனால் அது புல்வெளியே இல்லை என்று தோட்டக்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த ஆறு பேரில் ஐந்து பேர் குதிரையில் பறந்தார்கள், ஓநாயை வெட்டினார்கள், புல்லைப் படம் பிடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். தோட்டக்காரர் முகத்தில் வெளிச்சம். அக்கா அசராமல் நின்றாள்.

ஆறாவது ஆள் ஒரு நர்ஸ். கேம் பழக்கமே இல்லாதவள். பொத்தானை மாற்றி அழுத்தி, கரையில் கட்டியிருந்த படகை உடைத்துவிட்டாள். கேமில் மறுநாள் விடிந்தபோது ஓடக்காரரைத் துறையில் காணோம். அவள் தேடிக்கொண்டு வீடுவரை போனாள். படகு இல்லாமல் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், மனைவி உள்ளேயிருந்து அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஓநாயாவது குதிரையாவது! காட்டில் மரம் வெட்டிப் பலகையாக்கி, புல்வெளி வழியே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள். பதினோரு நடை. ஆற்றங்கரையில் படம் திக்கியபோதெல்லாம் உச்சுக்கொட்டினாளே தவிர, விடவில்லை. ஒரே ஒரு தடவை நடுப்புல்லில் பலகையோடு நின்று, காற்றில் அது அலையடிப்பதைப் பார்த்தாள். தோட்டக்காரர் ஓரடி முன்னால் வந்தார். நர்ஸ் தன் காலடியில் இருந்த புல்லைத்தான் பார்த்தாள், பிறகு நடந்தாள்.

படகு மறுபடி மிதந்தபோது, நேரம் முடிந்தது என்று மேனேஜர் வந்து சொன்னார். அவளுக்கு எழுந்திருக்க மனமில்லை. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு அவர் வேலைக்குப் போயிடுவார் இல்ல?"

பஸ் நேரம் சொல்வது போலவே அக்கா சொன்னாள்.

"ஆறரை மணிக்குத் துறையில இருப்பாரும்மா."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோட்டக்காரர் முந்திக்கொண்டார்.

"தூரத்துப் புல்லை நான் எடுத்துடறேன் சார்."