இருபத்தேழாம் எண் தோல் துண்டு

சுஹேல் அகமதுவை நான் முதலில் சந்தேகித்தது 2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. ஆம்பூரில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேடு எழுதிய தோல் தொழிற்சாலையில் மாதிரித் துண்டுகளை எண்ண என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வேலை எனக்குத்தான் வரும். அறுபது துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்பது இருந்தன. இல்லாதது 27. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக உருவாக்கி, இன்னும் யாருக்கும் காட்டாத கருஞ்சிவப்பு. மேலும் பத்துத் துண்டுகளின் ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. பதனிடாத பச்சைத் தோலுக்கு உப்பு போடுவோம். முடித்த தோலில் உப்புக்கு வேலை இல்லை.

மாதிரி அறையின் சாவி சுஹேலிடம். வயது நாற்பத்து மூன்று. பத்தாவது முடித்து, பத்தொன்பது வயதில் சாயப் பீப்பாயில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு சிவப்புக்கு நடுவே மற்றவர்கள் காணாத வித்தியாசத்தை அவர் காண்கிறார் என்று ஐந்தே ஆண்டில் ஷேடு பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அவர் 'சரி' என்று சொன்னால்தான் தோல் வெளியே போகும்.

மேலாளர் கவுஸ் பாஷா அவரைக் கூப்பிட்டார்.

"எந்த கம்பெனிக்கு குட்த்தே?"

"யாருக்கும் குடுக்கல பாய். அது கடல்ல இருக்குது."

"கடல்லயா? இன்னா, மீனுக்கு செருப்பு தெக்கிறியா?"

சுஹேல் தலை குனிந்தபடியே சொன்னார். நான்கு ஆண்டுகளாகப் புதுச்சேரிக்குப் போய், முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குகிறார். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை ஓரமாக ஒரு பழைய இரும்புப் படகு மூழ்கிக் கிடக்கிறது. கீழே போகப்போக நிறங்கள் எந்த வரிசையில் மறைகின்றன என்று பார்க்கத் துண்டுகளை எடுத்துப் போயிருக்கிறார். 27ஐ அந்தப் படகின் கம்பியில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது காற்று குறைந்துவிட்டது. கூட வந்தவர் மேலே வரச் சொல்லி சைகை காட்ட, அவிழ்க்காமல் வந்துவிட்டார்.

கவுஸ் பாஷா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. 26ஆம் தேதி வாடிக்கையாளர் வருகிறார். அதற்குள் துண்டு வராவிட்டால், வேறு கம்பெனிக்கு விற்றதாகவே கொள்வேன், வேலை போகும் என்று சொல்லி, விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

கேட் பதிவேட்டைப் பார்த்தேன். ஜனவரி 19, வெள்ளி, மாலை 6.40, சுஹேல், பையுடன். அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி லுப்னா தேநீர் கொடுத்தார்.

"துணி தோய்க்கும்போது உப்பு உப்பா வரும் சார். மூஞ்சில வட்டமா தழும்பு வேற. பாண்டிச்சேரில இன்னொரு குடும்பம் வெச்சிருக்காருன்னே நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப கடல்தான், தழும்பு தண்ணிக்குள்ள மாட்டுற கண்ணாடியாலன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு அந்தக் குடும்பமே தேவல."

சுஹேல் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறை இறங்கியதற்கும் தேதி, ஆழம், நேரம், கூட வந்தவர் கையெழுத்து. எழுதிய விதத்தில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஜனவரி 20, காலை 8.10 என்ற பதிவில், "27: கறுப்பு" என்று இருந்தது. சிவப்பில் இம்மி வித்தியாசம் காணும் மனிதர் சிவப்பையே கறுப்பு என்று எழுதியிருக்கிறார். பொய்யை அவசரத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, சனிக்கிழமை, துண்டை எடுக்க சுஹேல் இறங்கப் போன அன்று, புதுச்சேரியில் நானும் முக்குளிப்பவர்களின் படகில் ஏறினேன். துண்டை அவரே ஒளித்து எடுத்துப்போய் மேலே கொண்டுவரலாம் அல்லவா? ஆகவே அவருடைய ரப்பர் உடையின் கைகளையும் கால்களையும் தடவிப் பார்த்தேன். கைவிளக்கின் மூடியைத் திருகப் போனேன். கூட இறங்கும் பயிற்சியாளர் தமிழினி பிடுங்கிக்கொண்டார்.

"அத தொறக்காதீங்க சார், ஒரு மணல் பூந்தாகூட தண்ணி உள்ள போய்டும். கஸ்டம்ஸ்ல வேல பாத்தீங்களா?"

"மாதிரி அறையில்."

"அது அதுக்கும் மேல போலிருக்கு!"

பின்னர் அவர் ஒன்று சொன்னார். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். அந்த ஆழத்தில் சிவப்புத் துணி கறுப்பாகத்தான் தெரியும். விளக்கு அடித்தால் மட்டும் சிவப்பு திரும்பி வரும். என் நோட்டில் பொய் என்று குறித்த வரியை அடித்துவிட்டேன்.

8.22க்கு இறங்கினார்கள். குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 8.59க்கு மேலே வந்தார்கள். சுஹேலின் கையில் பாசி படிந்த ஒரு துண்டு. அதில் கடுகு அளவில் நான்கு சிப்பிகள் ஒட்டியிருந்தன; நகத்தால் பெயர்க்க முடியவில்லை. நேற்று போட்ட துண்டில் இன்று சிப்பி ஒட்டாது என்றார் தமிழினி.

26ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டியில் துண்டை வைத்தோம். கவுஸ் பாஷா கேட்டார்.

"சொல்லு. இது இருபத்தேழா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். சுஹேல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல பாய். கலர் செத்துப்போச்சு. இத இருபத்தேழுன்னு நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"டேய், உன் வேலையே இதுலதான்டா தொங்குது!"

"தொங்கட்டும் பாய். கலர் இல்லாதத இருக்குதுன்னு எப்டி சொல்றது?"

மாதிரிப் பதிவேட்டைத் திறந்தேன். மாதிரி வெட்டும்போது பக்கத்துத் துண்டை எண் போட்டு அதில் ஒட்டிவைப்பது நான் தொடங்கிய வழக்கம்; இன்றும் தொடர்கிறது. ஆடு முள்ளில் உரசிய ஒரு கீறல், ஒட்டிவைத்த துண்டில் ஆரம்பித்து வெட்டின் ஓரத்தில் முடிந்திருந்தது. கடலிலிருந்து வந்ததைப் பக்கத்தில் வைத்தேன். கீறல் அதில் தொடர்ந்தது.

கவுஸ் பாஷா கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "திருடனா இருந்தா ஆமான்னு சொல்லிட்டு போயிருப்பான்" என்றார். சுஹேல் பக்கம் திரும்பி, "இனிமே எத எடுத்தாலும் எழுதிட்டு எடு. போ, பார்ட்டி வர்ற நேரம், அதே தோல்ல வேற இருபத்தேழு வெட்டு" என்றார்.

என் அறிக்கையில் துண்டு நம்முடையது என்றும் நிறம் போய்விட்டது என்றும் எழுதினேன். வெள்ளி மாலை 6.40க்கும் சனி காலை 8.10க்கும் இடையே பதிமூன்றரை மணி நேரம் துண்டு எங்கே இருந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றும் எழுதினேன். சுஹேல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பஸ்ல தூங்கினு இருந்தேன் சார். துண்டு பையில இருந்துச்சு."

"டிக்கெட் வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.