தராசில் என் குழந்தை கிடந்த இரண்டு நிமிடம்

முனுசாமி அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவருடைய வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரகடம் பக்கத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் ஒளிரும் வலையான மாண்டிலைச் செய்யும் தொழிற்சாலையில் நான் எழுத்தர். மாண்டிலை நனைக்கும் தோரியம் உப்பு அணுப்பொருள். அரசாங்கத்தின் கண்காணிப்பில் உள்ளது. அதனால் அந்தப் பீப்பாய் எப்போதும் தராசின் மேலேயே நிற்கும். ஒரு பேனாமுள், சுழலும் தாளில் அதன் எடையைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை தாளைக் கிழித்துக் கையெழுத்திடுவது என் வேலை.

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். எடை ஏறவில்லை என்று நர்ஸ் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி எடை பார்க்க ஒரு மாதம் ஆகும்... அதுவரை எப்படிப் பொறுப்பது?

அன்று மாமியார் ஊரில் இல்லை. குழந்தையோடு வேலைக்குப் போனேன். பீப்பாய் இருக்கும் கிடங்கின் சாவி முனுசாமி அண்ணனின் பொறுப்பு.

"நீங்க டீ குடிச்சிட்டு வாங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

"பூட்டாம போனேன்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் என்னை பன்னு மாதிரி டீயில முக்கித் தின்னுடுவாரும்மா," என்று சிரித்தபடியே போனார்.

பீப்பாய்க்குப் பக்கத்தில் தராசுத் தட்டின்மேல் துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். பீப்பாயின் எடை போக ஐந்து கிலோ எழுநூறு. ஏறியிருந்தது... துண்டின் எடையைக் கழித்தேனா? அழுதுவிட்டேன். பேனாமுள்ளை நினைக்கவே இல்லை.

வாரக் கடைசியில் தாளைக் கிழிக்கும்போது கோட்டில் அந்த மேட்டைப் பார்த்தேன். பார்த்தும் கையெழுத்திட்டேன்.

மறுமாதம் பம்பாய் அணுசக்தித் துறையிலிருந்து வந்த அதிகாரியும் பார்த்தார். சரக்கை எடுத்துவிட்டு வேறெதையோ வைக்கப் பார்த்தார்களோ என்று சந்தேகம். எல்லாவற்றையும் எடை போட்டார்கள், ஒரு கிராமும் குறையவில்லை. ஆனாலும், யாரோ உள்ளே போயிருக்கிறார்களே, கிடங்கு ஏன் திறந்து கிடந்தது?

"டீ குடிக்கப் போனேன் சார். பூட்ட மறந்துட்டேன்," என்றார் முனுசாமி அண்ணன்.

என் பெயரை அவர் எடுக்கவில்லை. மூன்றடி தள்ளி நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது செம்பரம்பாக்கத்தில் செங்கல் சுமக்கிறார். போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன்.

"பாப்பா நல்லா இருக்குதாம்மா? சதை போட்டுச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? பூட்டாமல் போனதும் குற்றம்தான் என்று அவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டால்... என் வேலையும் போய், இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்துவிடாதா? இதெல்லாம் நியாயமா, வெறும் பயமா?

நீங்களாக இருந்தால் முதலில் மேலாளரிடம் போவீர்களா, முனுசாமி அண்ணன் வீட்டுக்கா? தயவுசெய்து எழுதுங்கள்.