எடைமேடையில் ஏறிய பத்துக் கிலோ

எடைமேடைக்காரர் சிகரெட்டை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருடம் ஊதித் தள்ளியவர். நெஞ்சுச்சளி மூன்று வாரம் படுக்கையில் போட்டதும் ஒரே நாளில் நிறுத்தினார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. கடலையை மென்றபடியேதான் லாரிகளை எடை போட்டார். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன.

மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவன். விரலிடுக்கில் எப்போதும் ஒன்று புகையும். ஒடிசலான உடம்பு, எல்லாரும் கூப்பிடுவது 'குச்சி'.

"மச்சான், மேடைப் பக்கம் வராதீங்க. என் சரக்கு எடை கூடிரும்" என்பான்.

சிரித்து வைத்தாலும் அது உறுத்தியது. ஒரு திங்கட்கிழமை, லாரி இல்லாத நேரத்தில் மேடையில் ஏறி நின்றார். ஓட்டுநர்களுக்காக வெளியே மாட்டிய பலகையில் எண்பது என்று காட்டியது. அடுத்த திங்கட்கிழமை தொண்ணூறு.

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. குச்சியிடம் ஒரு சிகரெட் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"ஒரு வாரத்துல பத்துக் கிலோ. இதுக்கு ஊதிட்டே இருந்திருக்கலாம்."

தைத்துக்கொண்டிருந்த மனைவி அவர் சட்டைப் பையில் தெரிந்த சிகரெட்டைப் பார்த்தாள். "பத்துக் கிலோவா? கன்னுக்குட்டிய முழுங்கினீங்களா? நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட போறோம். அதுவரைக்கும் அத பத்த வைக்கக் கூடாது."

டாக்டரம்மாவின் தராசு எண்பத்தைந்தரை காட்டியது.

பத்துக் கிலோ கதையைக் கேட்ட டாக்டரம்மா, "உங்க மேடை எத்தனை எத்தனை கிலோவா காட்டும்?" என்றார்.

"பத்துப் பத்தா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எண்பத்து நாலரையை எண்பது என்றும், எண்பத்தைந்தரையைத் தொண்ணூறு என்றும், பக்கத்துப் பத்துக்குத் தள்ளிக் காட்டும் மேடை அது. உண்மையில் ஏறியது ஒரே ஒரு கிலோவாகக்கூட இருக்கலாம். இதை எத்தனையோ ஓட்டுநர்களுக்கு விளக்கியவரே அவர்தான். தன் தொந்தி என்று வந்ததும் மறந்துவிட்டது.

மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எடையைக் குறைக்கத்தான் வேணும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு. புகையை விட்டுட்டுக் கொஞ்சம் பருத்தவரைவிட, ஒல்லியா இருந்துட்டு ஊதுறவருக்குத்தான் உயிருக்கு ஆபத்து ஜாஸ்தி. மெலிஞ்சிருந்தா ஆரோக்கியம்னு அர்த்தமில்ல. சட்டைப் பையில தெரியுதே, அந்த சிகரெட்ட எடுங்க."

எடுத்தார். இரண்டாக ஒடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மறுநாளிலிருந்து வேலைக்கு நடந்தே போனார். கடலை டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. வருடம் திரும்பியபோது டாக்டரம்மாவின் தராசிலேயே எண்பது.

அந்த வாரம் எடைச்சீட்டு வாங்கக் குச்சி வந்தான். எடைமேடைக்காரரின் அறைக்குப் பதினான்கு படி. அவர் கீழே தண்ணீர் பிடித்த குடத்தோடு முன்னால் ஏறினார்.

"மச்சான், நீங்க ஏறினா படியே..." என்று பின்னால் ஆரம்பித்த குச்சி ஒன்பதாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மிச்சம் இருமலாக வந்தது.

அவர் குடத்தை வைத்துவிட்டு கடைசிப் படியில் நின்றார். மூச்சு சீராக இருந்தது.

"அவசரமில்ல. மேல வந்து முழுசா கிண்டல் பண்ணு."

குச்சி வந்து உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு இருப்பாங்க?" என்றான்.

"அஞ்சு மணிக்கு. நடந்தே போவோம்" என்றார் எடைமேடைக்காரர். "உன் வேகத்துக்கு நான் வரேன்."