கரி பிடிக்காத டாங்கி

டாங்கிக்கு என்ன நிறம் அடிப்பது என்ற விஷயத்தில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. ஊரில் வேறு யாரும் டாங்கியைப் பார்த்ததில்லை என்பது ஒரு காரணம். நானும் பார்த்ததில்லை; ஆனால் எனக்குப் பதினொரு வயது, அந்த வயதில் அதெல்லாம் ஒரு குறையில்லை.

வடக்கே சண்டை நடந்து ஓய்ந்திருந்த வருஷம் அது. இலுப்பூர்ப் பக்கம் பேப்பர் படிக்கிற வீடுகள் குறைவு. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா தினமும் வரவழைத்து, நாலு பக்கத்தையும் விடாமல் படித்துவிட்டு மடித்து வைப்பார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அத்தையின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, டாங்கிப் படையில் டிரைவர். சண்டை தொடங்கியதிலிருந்து அவரிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தது அதனால்தான்.

எனக்கு வேறு கவலை. பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கப்போகிறார்கள். நிஜம் மாதிரி இருக்கும் சாமான்கள் ஹாலுக்குள். விளையாட்டுச் சாமான்களெல்லாம் வெளியே வராந்தாவில், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் ஓலைக் காற்றாடிகளோடு. சயின்ஸ் வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். என் டாங்கி வராந்தாவுக்குப் போனால் நான் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவதாக இருந்தேன்.

உடம்புக்கு மரப்பெட்டி. மேல் கோபுரத்துக்குப் பல்பொடி டப்பா. பீரங்கிக்குக் குடைக்கம்பி, சக்கரங்களுக்கு நூல்கண்டுக் கட்டைகள், அவற்றைச் சுற்றி சைக்கிள் டியூப். இதுவரை யாரும் செய்துவிடலாம். பெயிண்ட்டில்தான் மேதை தெரிவான். பேப்பர் படத்தைப் பார்த்து முதலில் சாம்பல் நிறம் அடித்தேன். படத்தில் டாங்கி மேலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்ததால், ஈர்க்குச்சியால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து புள்ளியும் வைத்தேன். மறுநாள் அதே பேப்பரில் ஒரு மந்திரியின் முகத்திலும் அதே புள்ளிகளைக் கண்டபோது சற்றே சந்தேகம் வந்தது.

பிறகு பச்சைக்கு மாறினேன். கடையில் இருந்தவை இரண்டு பச்சைகள். ஒன்று ஜன்னல் கம்பிக்கு. இன்னொன்று பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசுவது. கொம்புப் பச்சை வீட்டிலேயே மிச்சம் கிடந்தது. கெட்டியாகிப் போனதை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, காவியைக் கலந்து கிளிநிறத்தைக் கொன்றேன். காய்ந்ததும் ஓரங்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன். பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிகிற மாதிரியே மின்னியது. கடைசியாக அரிக்கேன் விளக்கின் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, பக்கவாட்டில் குண்டு விழுந்து கருகின அடையாளம் வைத்தேன். அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஹாலில் இடம் நிச்சயம்.

மறுநாள் காலையில் கருகலைக் காணோம். டாங்கி பளிச்சென்று இருந்தது.

தங்கச்சி மேல் பழியைப் போட்டு ஒரு குட்டு வைத்துவிட்டு, மறுபடி கரி பூசினேன். மறுபடி காணோம். சனிக்கிழமை கையும் களவுமாகப் பிடித்தேன். கிணற்றடியில் அத்தை என் டாங்கிக்கு வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! அது குண்டு விழுந்த கரி!"

"குண்டெல்லாம் ஒண்ணும் விழுகலை. சும்மா கெட."

"கரி இல்லாட்டி அது டாங்கியே இல்லை, பொம்மை!"

"பொம்மையாவே இருக்கட்டும்டா. ஒனக்கு என்ன வந்துச்சு இப்ப?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அப்பாவிடம் வழக்கைக் கொண்டுபோனேன். எதற்கும் அத்தைக்கு விட்டுக்கொடுக்காத அப்பா, "அவ சொல்றபடி கேளு" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அம்மா விளக்கையே எடுத்து உயரத்தில் மாட்டிவிட்டாள். கலைஞர்களை அவர்கள் காலத்தில் யாரும் புரிந்துகொள்வதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வெளிப்படையாகச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பொருட்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், அடைமழையில், பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை வழியாக டிரங்குப் பெட்டியோடு நடந்தே வந்துசேர்ந்தார் மாமா. முழங்கால் வரை சேறு. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அத்தை அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு நிபுணர் வந்திருக்கும்போது இப்படி அழுது நேரத்தை வீணாக்குகிறார்களே! அழுகை சற்றுத் தணிந்ததும் டாங்கியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, அத்தை செய்த அநியாயம் அத்தனையும் சொன்னேன்.

மாமா டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் காப்பித் தம்ளரோடு நின்ற அத்தையைப் பார்த்தார்.

"கரியெல்லாம் வேணாம் மாப்ளே. மண்ணுதான் வேணும். எங்கிட்டுப் போயி வந்தாலும் மண்ணு ஒட்டாம வருமா?"

குனிந்து தன் பூட்சிலிருந்து ஒரு கை சேற்றை வழித்து, சக்கரங்களில் அப்பினார். செம்மண் ஒழுகி, அத்தை காலையில் மெழுகியிருந்த தரையில் சொட்டியது. ரகளை இருக்கிறது என்று நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். அத்தையோ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தி, விரலால் காட்டினாள்.

"இங்கிட்டும் கொஞ்சம் பூசுங்க."

டாங்கி ஹாலுக்குள்தான் வைக்கப்பட்டது. அதுவரை சேறு காய்ந்து உதிர்ந்துவிடாமல் ஈரத்துணியைப் போட்டு மூடி வைத்ததும் அத்தையேதான். இரண்டு வாரம் விடாமல் சண்டை போட்டு, நிறத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனுஷிக்கு நான் நல்ல ரசனையை உண்டாக்கிவிட்டேன் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன்.